கிளவுட்டில் கிடக்கும் காதுகுத்து வீடியோ டிவியில் திக்காமல் ஓட

முதலில் கணக்கு. ஐபோனில் 4கே, 30 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதாவது விநாடிக்கு 23 மெகாபிட் தடையில்லாமல் வரணும். 100 மெகாபிட் இணைப்பு இருந்தும் திக்குதா? கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டில் ரவுட்டர் திண்ணையிலும் டிவி முற்றம் தாண்டியும் இருந்தால் வைஃபை அந்தச் சுவர்களிலேயே பாதி செத்துவிடும். ரவுட்டரிலிருந்து டிவிக்குக் கேட்5இ (Cat5e) நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கிளவுட் கோப்புகளை வேறு ஆப்கள் நேரே திறக்க உதவும் வழிமுறை வெப்டேவ் (WebDAV). கூகுள் டிரைவுக்கு அது கிடையாது; சொந்தமாக நடத்தக்கூடிய கிளவுட்டான நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு உண்டு, டிவியில் ஓடும் கோடி (Kodi) பிளேயரில் நேரே சேர்க்கலாம். டிரைவ்தான் என்றால் பழைய லேப்டாப்பில் கிளவுட்டோடு இணைக்கும் ஆர்குளோன் (rclone) மென்பொருளைப் போட்டு, ‘சர்வ் டிஎல்என்ஏ’ (serve dlna) கட்டளை கொடுங்கள்; வீட்டு நெட்வொர்க்கில் வீடியோவைப் பகிரும் முறை அது. டிவியில் விஎல்சி பிளேயர் அதைத் தானே கண்டுபிடிக்கும். ஆர்குளோனில் விஎஃப்எஸ் கேஷ் மோடை (vfs-cache-mode) ‘ஃபுல்’ என்று வையுங்கள்; இறங்கிய வீடியோ லேப்டாப்பிலேயே தற்காலிகமாகத் தங்கும். கேஷ் ஆயுள் இயல்பாக 1 மணி நேரம்தான். 24 ஆக்கினால், மாமா வந்து “மறுபடி போடு” என்றாலும் மறுபடி டவுன்லோடு ஆகாது.

தொடங்கவே நேரம் எடுத்தால் குற்றவாளி பெரும்பாலும் ‘மூவ் ஆட்டம்’ (moov atom). எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அது. பதிவு முடிந்தபிறகுதான் எழுத முடியும் என்பதால் கேமரா அதைக் கோப்பின் வாலில் வைக்கிறது. பிளேயர் வால்வரை போய்த் திரும்பணும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ கருவியில் ‘காப்பி’யோடு ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ கொடுத்தால் தலைக்கு வந்துவிடும், தரம் குறையாது.

சத்தம் மட்டும் வந்து படம் வரவில்லையா? ஐபோன் வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறை பழைய டிவிக்குத் தெரியாது. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் பழைய முறையான எச்.264-க்கு மாற்றுங்கள்: 1080பி, தர அளவு ஆர்எஃப் (RF) 20. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.