கப்பலில் வந்த கோயில்

டான் டோக் செங் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1798இல் மலாக்காவில் பிறந்த அந்த மனிதர் இங்கே வந்து காய்கறியும் கோழியும் விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, பெரும் வணிகராக வளர்ந்தவர். அவர் பணத்தில் எழுந்த இன்னொன்று தெலுக் ஆயர் தெருவில் இருக்கிறது: தியான் ஹோக் கெங் கோயில். ஹொக்கியன் பேசும் மற்றச் சீன வணிகர்களும் கொடுத்தார்கள் என்றாலும், 3,000 ஸ்பானிய டாலருக்கு மேல் கொடுத்து முன்னால் நின்றவர் அவர்தான்.

என் ஆபீஸ் அந்தப் பக்கம். மதிய வெயிலுக்கு ஒதுங்கப் போய்த்தான் கோயில் பழக்கமானது. அப்புறம் விடவில்லை.

இன்று கோயில் வாசலில் நின்றால் எதிரே கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண் போட்டு மேடாக்கும்வரை அந்த இடம் கடல். 1820களில் இங்கே இருந்தது கரையோரத்துச் சின்ன வழிபாட்டு இடம் மட்டும்தான். தெற்குச் சீனத்து ஃபுஜியான் பகுதியிலிருந்து பாய்மரக் கப்பலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், கரை ஏறியதும் முதலில் ஊதுபத்தி கொளுத்தினார்கள். கும்பிட்ட தெய்வம் மாட்சு. 960இல் மெய்ச்சோ தீவில் லின் குடும்பத்தில் பிறந்து இளம் வயதிலேயே மறைந்த பெண். புயலில் சிக்கிய மாலுமிகளைக் காப்பாற்றியவள் என்று கதை. இறந்த பிறகு தெய்வமானாள்.

1839இல் தொடங்கி 1842க்குள் முழுக் கோயிலும் எழுந்துவிட்டது. நடுவில் 1840இல் மாட்சு சிலை சீனாவிலிருந்து வந்து இறங்க, ஊர்வலமாக எடுத்து வந்திருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் கூட்டத்தை நிறுத்தி வைத்து முதலில் சொல்லும் விஷயம், "ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது." கூட்டமும் வாயைப் பிளக்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை, அதனால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் வரவில்லை. அப்பா ஒருமுறை இங்கே வந்திருந்தபோது கூட்டிப் போனேன். சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் உத்திரத்தைப் பார்த்தார். கழுந்து, அதாவது ஒரு மரத்தின் செதுக்கிய முனை, எங்கே அடுத்த மரத்தின் துளைக்குள் போகிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். ஆணி இல்லையாம் என்றேன்.

"ஆணி எதுக்குடா? மரம் மழையில வீங்கும், வெயில்ல சுருங்கும். கழுந்து அதோட சேர்ந்து அசையும். ஆணி அசையாது, மரத்தைத்தான் பிளக்கும். அதுவும் கடலோரத்துல, நாலு வருஷத்துல துருப்பிடிச்சிடும்."

அவ்வளவுதான் ரகசியம். அப்பா வியந்தது தூணுக்கு மேலே இருக்கும் சமாச்சாரத்தை. நம் கற்கோயில்களில் தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே போதிகை இருக்குமே, அந்த வேலையை இங்கே மரம் செய்கிறது. சின்னச் சின்னக் கட்டைகளும் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் வெளியே நீண்டு, ஓட்டுக் கூரையின் மொத்தப் பாரத்தையும் வாங்கித் தூணுக்குள் இறக்குகிறது. சிவப்பு, கறுப்பு, தங்கப் பூச்சில் கண் மயங்கிவிடுவதால் அது சுமை தாங்குகிறது என்பதே மறந்துவிடும். அப்பா மறக்கவில்லை.

என்னைக் கேட்டால் வியக்க வேண்டியது வேறு. இந்தக் கோயிலில் உள்ளூர்ச் சரக்கு என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கருங்கல் தூண்களும், அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும் டிராகன்களும் சீனத்திலிருந்து வந்தவை. மரமும் வேலையாட்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான். பணத்தில் பெரும்பங்கு மலாக்காக் குடும்பங்களுடையது. தெருவோரத்து இரும்புக் கிராதி 1906 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்தது. அசல் சீனக் கட்டடக்கலை என்று படம் பிடிக்கிறவர்கள் அந்தக் கிராதியைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள், கவனிப்பதில்லை. துறைமுகத்து ஆட்கள் கட்டிய கோயில் இப்படித்தான் இருக்கும். கப்பல் எதைக் கொண்டுவந்ததோ அதை வைத்துக் கட்டினார்கள்.

முகட்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள். இரு முனையும் தகைவிலான் குருவியின் வாலைப் போல வளைந்து பிளந்திருக்கும். அதன்மேல் இருக்கும் டிராகன்களும் பூக்களும் பெயின்ட் வேலை என்றுதான் தூரத்திலிருந்து தோன்றும். உற்றுப் பார்த்தால் எல்லாம் பீங்கான் சில்லு. கலர்க் கிண்ணங்களை உடைத்து, இடுக்கியால் கத்தரித்து, சுண்ணச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். கிண்ணத்தின் வளைவு அப்படியே இதழின் வளைவாகிறது. வெயிலிலும் மழையிலும் சாயம் போகாது.

உள்ளே அமைப்பு எளிது. வாசல் மண்டபம், நடுவே திறந்த முற்றம், மாட்சுவின் பெரிய மண்டபம், பின்னால் கருணைத் தெய்வம் குவான்யின். வாசலில் நிலைப்படி உயரம். மிதிக்காமல் தாண்டிப் போகவேண்டும். மாட்சுவின் காலடியில் ஆயிரம் கல் தொலைவு பார்க்கிறவர், காற்றோடு வரும் ஓசையைக் கேட்கிறவர் என்று இரண்டு சேனாதிபதிகள். கடலில் தத்தளிக்கிறவனைக் கண்டுபிடிக்க வேறு யார் வேண்டும்? குவான்யின் பௌத்தம், மாட்சு நாட்டார் தெய்வம், பக்கவாட்டில் கன்பூசியஸ். இதைப் பிரித்துப் பார்க்கிற ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. பிறை வடிவ மரக்கட்டை இரண்டைக் கீழே போடுகிறார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் ஒன்று உருண்டைப் பக்கமும் விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டது. நம் ஊரில் பூக் கட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரிதான்.

மேலே தொங்கும் பலகை 1907இல் சீனத்தின் சிங் வம்சப் பேரரசர் குவாங்சு அனுப்பியது. தென்கடலில் அலைகள் அடங்கட்டும் என்பது போன்ற நாலு எழுத்து. 1998 முதல் 2000 வரை நடந்த பெரிய புதுப்பிப்பு வேலையின்போது பேரரசரின் எழுத்துச் சுருளே பலகைக்குள் இருந்தது தெரியவந்து, அது அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தப் புதுப்பிப்புக்கு 2001இல் யுனெஸ்கோவின் பாரம்பரிய விருதுப் பட்டியலில் ஒரு கௌரவக் குறிப்பும் கிடைத்தது. தேசிய நினைவுச் சின்னமானது 1973இல்.

சரி, நம்மாட்கள் ஆசையாகக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். கூரையடியில் பாரம் தாங்கும் உருவங்களில் இந்திய முகச்சாயல் இருப்பதாகவும், அது கட்டுமானத்தில் உழைத்த இந்தியர்களுக்குச் செய்த மரியாதை என்றும் சொல்வார்கள். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்நிய நாட்டான் கூரை மூலையைச் சுமப்பது ஃபுஜியான் கோயில்களில் பழைய வழக்கம். கேலியும் கொஞ்சம் கலந்தது. மரியாதை என்று அவசரப்பட்டு நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்.

நமக்கும் இந்தத் தெருவுக்கும் உள்ள உறவுக்கு அந்தச் சிலைகள் தேவையும் இல்லை. கோயிலுக்கு ஒரு பக்கம் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா. மறுபக்கம் 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். குச்சுப் பள்ளி என்பார்கள். இரண்டும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியவை. நாகூர் ஆண்டவரும் கப்பலைக் காப்பாற்றுகிறவர்தான். ஒரே கரையில், பத்துப் பதினைந்து வருஷத்துக்குள், கடலுக்குப் பயந்த இரண்டு கூட்டம் பக்கத்துப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறது.

போகிறவர்கள் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். கட்டணம் இல்லை. காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் முற்றத்தை அடைத்துவிடும். பின்சுவரில், அமோய் தெருப் பக்கம், ஹொக்கியன் குடியேறிகளின் கதையை நீளமான சுவரோவியமாக வரைந்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு அதே தெருவின் உணவங்காடியில் சாப்பிடலாம், ஆனால் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆபீஸ்காரர்கள் நாங்கள் வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்காது.