அந்தப் பையோட எங்க வாசல்ல நிக்க வேண்டாம் சிஸ்டர்

"அந்தப் புள்ள நல்ல புள்ளதான் சிஸ்டர், வாயத் தொறக்காது. ஆனா அந்தப் பையோட எங்க வாசல்ல வந்து நின்னா, வாயத் தொறக்கவே வேண்டாம்ல?"

இப்படி ஒரு அக்கா என்கிட்ட சொன்னாங்க. என்சிடி, அதாவது பிபி, சுகர் மாதிரி தொத்தாத நோய்களுக்கான டேபிள்ல உக்காந்து பிபி பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை எண்ணிக் கொடுக்கிற ஸ்டாஃப் நர்ஸ் நான், ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் எதையாவது சொல்லிட்டுப் போறாங்க, வீட்டுக்குப் போய் குளிச்சா மறந்துடும். இது மட்டும் போகல. நான் அதுக்கு என்ன பதில் சொன்னேன், வேற என்ன சொல்லிருக்கலாம்னு பஸ்ல வரும்போதெல்லாம் ஓடிட்டே இருக்கு.

பைன்னு அவங்க சொன்னது எம்டிஎம் அக்காக்கள் தூக்கிட்டுப் போற பைய. எம்டிஎம்னா மக்களைத் தேடி மருத்துவம், அது 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து, மாசாமாசம் பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். கொண்டு போறவங்க அந்தந்த ஊர்ல மகளிர் குழுவுல இருக்கிற பொண்ணுங்க. அந்த ஊர்க்காரங்களா இருந்தா வீட்டுக்குள்ள விடுவாங்க, பேச்சுக் கேப்பாங்கங்கிறதுதான் திட்டத்தோட பலமே. இந்த அக்காவுக்கு அதே பலம்தான் பிரச்சினை. கொண்டு வர்ற புள்ள அவங்க பங்காளி வீட்டு மருமக. அவங்க பெரிய பொண்ணுக்கு அப்பதான் வரன் பேசிட்டு இருக்காங்க.

சுகர் இருக்குன்னு கண்டுபிடிச்சதே நாங்கதான். அவங்களா எந்தத் தொந்தரவுன்னும் வரல, மாமியாருக்குத் துணையா கேம்ப்புக்கு வந்தவங்களப் பிடிச்சு உக்கார வச்சோம். 30 வயசு தாண்டினவங்களுக்கு சிபாக் ஃபார்ம் போடணும்ல, வயசு, புகையிலை, உடல் உழைப்பு, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டு மார்க் போட்டு, நாலுக்கு மேல போனா கட்டாயம் பார்க்கணும். இடுப்புச் சுற்றளவு எடுக்க டேப்ப எடுத்தப்ப "ஜாக்கெட் தச்சுத் தரப் போறீங்களா, எங்க ஊர்ல நூத்தம்பது கேக்குறாங்க, நீங்க எவ்ளோ"ன்னு சிரிச்சாங்க. 92 சென்டிமீட்டர். பொம்பளைங்களுக்கு 90 தாண்டினா ரெண்டு மார்க். அவங்க அம்மாவுக்கு சுகர் இருந்துச்சு, அதுக்கு ரெண்டு. வயசு 46, அதுக்கும் மார்க் உண்டு. அங்கயே நாலத் தாண்டிடுச்சு. விரல்ல குத்தி ஸ்ட்ரிப்ல வச்சா 268. மறுபடி வெறும் வயித்துல வரச் சொல்லிப் பார்த்தா 171, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 254. எம்ஓ, எங்க டாக்டர், பார்த்துட்டு சுகருக்கு மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, காலைல கிளிமிபிரைடு ஒண்ணுன்னு எழுதிட்டாங்க. சிரிச்சுட்டு வந்த அக்கா சிரிக்காம போனாங்க. நல்லா இருந்தவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு நோயாளியாக்கி அனுப்புறதுதான் எங்க வேலைல பாதி, அதுக்குப் பேர் தடுப்பு மருத்துவம்.

முதல் மாச மாத்திரைய வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்து வந்தப்பதான் இந்தப் பேச்சு. வீட்டுக்கு அனுப்பாதீங்க, லிஸ்ட்ல பேரே வேண்டாம்னாங்க. சரிக்கா, நீங்களே மாசாமாசம் வந்து வாங்கிக்கங்கன்னேன். "நான் மாசாமாசம் இந்த வரிசைல நின்னா மட்டும் தெரியாதா? இது சுகர் வரிசைன்னு ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு இருக்கு, பாட்டிக்கு இருந்துச்சுன்னா பொண்ணுக்கும் வரும்னு அவங்க கணக்குப் போடுவாங்க சிஸ்டர். நீங்களே அப்படித்தான மார்க் போட்டீங்க?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஃபார்ம்ல அப்படித்தான் இருக்கு.

அப்புறம் அவங்களே ஒரு வழி சொன்னாங்க. அவங்க மாமியாருக்கு பிபி மாத்திரை ஏற்கனவே வீட்டுக்குப் போயிட்டு இருக்கு, அது ஊருக்கே தெரியும், வயசானவங்க, யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க. "அத்தை கவர்லயே என்னோடதையும் சேர்த்துப் போட்டு விட்ருங்க சிஸ்டர், நான் பிரிச்சு எடுத்துக்கிறேன், அந்தப் புள்ளைக்குக் கூட தெரிய வேண்டாம்."

முடியாதுக்கான்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல, உடனே சொன்னேன். பின்னாடி லைன் வேற நீளமா இருந்துச்சு, ஸ்ட்ரிப் தீரப் போகுதுன்னு ஒரு பக்கம் டென்ஷன், அதனால கொஞ்சம் வெடுக்குன்னு கூட வந்திருக்கலாம்.

ஏன் முடியாதுன்னா, அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கவர்ல காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை வரைஞ்சு கொடுப்போம், அத வச்சுத்தான் போடுறாங்க. பிபிக்குக் கொடுக்கிற அம்லோடிபின் வெள்ளை, அட்டெனலால் வெள்ளை, மெட்ஃபார்மினும் வெள்ளைதான், கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். மருமக வேலைக்குப் போன நேரத்துல கை தவறி கிளிமிபிரைட எடுத்துப் போட்டுட்டு, காலைல ஒரு டம்ளர் டீயோட நின்னுட்டாங்கன்னா? சுகரே இல்லாத எழுபது வயசு உடம்புல சுகர் எவ்ளோ கீழ போகும்னு யார் பார்க்கிறது, எங்க விழுவாங்க? ஒருத்தர் பேர்ல இருக்கிற மருந்துக் கவர்ல இன்னொருத்தர் மருந்தப் போடக்கூடாதுங்கிறது நர்சிங்ல முதல் வருஷப் பாடம். இதுல பேச்சுக்கே இடமில்லன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

நினைக்கிறேன்னு எழுதிட்டேன், ஆனா ராத்திரி அது அப்படியே நிக்க மாட்டேங்குது. எம்ஓ கிட்ட பேசி கிளிமிபிரைட நிறுத்திட்டு மெட்ஃபார்மின மட்டும் வச்சுப் பார்த்திருக்கலாம், அது தனியா சுகர ஆபத்தா இறக்குறது அபூர்வம். ரெண்டு மாச மாத்திரைய ஒரேயடியா கொடுத்திருக்கலாம், ஸ்டாக் அப்ப இருந்துச்சு. துணை சுகாதார நிலையத்துல விஹெச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ் கிட்ட வச்சுட்டு அங்க வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிருக்கலாம். இதெல்லாம் அன்னிக்குத் தோணவே இல்ல. ஆனா ஒண்ணு, தோணியிருந்தாலும் ஒருத்தருக்குன்னு இப்படி வளைக்க ஆரம்பிச்சா அடுத்தவங்களும் கேப்பாங்க, ரிஜிஸ்டர்ல அத எங்க எழுதுறது, ஆப்ல எப்படி ஏத்துறது? சட்டம் பேசுறேன்னு நினைக்காதீங்க, ஒரே ஆளா ஆயிரக்கணக்கான பேரோட லிஸ்ட வச்சிருக்கிறவளுக்குத்தான் அந்த பயம் தெரியும்.

எங்க ஆரம்ப சுகாதார நிலையம், அதான் பிஹெச்சி, அதுலயே நாலு அடி தள்ளி ஹெச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் நடக்கிற ஐசிடிசி ரூம் இருக்கு. அங்க கதவச் சாத்திட்டுத்தான் பேசுவாங்க, ரிப்போர்ட்ட மூணாவது மனுஷன் கைல கொடுக்க மாட்டாங்க. அது அவ்ளோ சுலபமா வரல, 1986ல சென்னைலதான் நாட்டுலயே முதல் முதலா ஹெச்ஐவி கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் அவமானப்பட்டு, 2017ல தனிச் சட்டமே வந்து, இப்பத்தான் அந்த ரகசியத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு. சுகருக்கு யாரும் அப்படி யோசிக்கல. நாங்க வராண்டாவுல டேபிள் போட்டு "என்னக்கா சுகர் முந்நூறு இருக்கு, மாம்பழமா?"ன்னு சத்தமா கேக்குறோம், வரிசையே திரும்பிப் பார்த்து சிரிக்கும், அந்தக்காவும் சேர்ந்து சிரிக்கும். எல்லாருக்கும் இருக்கிறதுதானேன்னு ஒரு தைரியம். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2023ல வெளியிட்ட ஆய்வுல நாட்டுல 10 கோடிக்கு மேல சுகர்காரங்கன்னு கணக்குச் சொல்றாங்க. அந்த மாப்பிள்ளை வீட்லயும் யாருக்காவது இருக்கும், நான் பந்தயமே கட்டுவேன். ஆனா பந்தயம் கட்டி என்ன, பொண்ணு வீடுதான பயப்படணும்.

அக்கா அதுக்கப்புறம் வரல. மாமியார் மாத்திரை மட்டும் ஒழுங்கா போயிட்டு இருந்துச்சு. ரிவ்யூ மீட்டிங்ல இந்த பிளாக்ல மருந்து வாங்காதவங்க ஏன் இத்தனை பேர்னு கேப்பாங்கல்ல, அந்த நம்பர்ல ஒண்ணு அவங்க. மீட்டிங்க விட எனக்கு உறுத்தினது வேற, அந்த வீட்டுக்கு ஆள அனுப்பலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க வேண்டியது நான்தான். அனுப்பினா அவங்க கேட்டத மீறினதா ஆகும். அனுப்பலன்னா 268 சுகரோட ஒருத்தங்கள விட்டுட்டு உக்காந்திருக்கேன்னு ஆகும். சுகருக்கு வலி கிடையாது, அதுதான் அதோட சூழ்ச்சி, கண்ணுக்கும் கிட்னிக்கும் காலுக்கும் போய்ச் சேர்ற வரைக்கும் ஆள் நல்லாத்தான் இருப்பாங்க, வயல் வேலைக்கும் போவாங்க, கல்யாணத்துக்குப் பலகாரமும் சுடுவாங்க.

கடைசில எம்டிஎம் புள்ளையக் கூப்பிட்டு, அந்தத் தெருவுக்குப் போறப்ப... ன்னு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம இழுத்தேன். அவளே சொல்லிட்டா. "எனக்குத் தெரியும் மேடம், லிஸ்ட் என் ஃபோன்லதான இருக்கு. பெரிம்மா பேரப் பார்த்தேன். நான்தான் அந்த வீட்ல பாட்டி மாத்திரைய மட்டும் கொடுத்துட்டு வேற எதுவும் கேக்காம வந்துடுவேன். எங்க வீட்லயும் சொல்லல." வந்த முதல் மாசத்துல இருந்தே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்தப் புள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு அந்தக்கா அவ்ளோ பயந்தாங்களோ, அந்தப் புள்ள தெரிஞ்சும் தெரியாத மாதிரி வாசல்ல நின்னு பிபி மட்டும் பார்த்துட்டுப் போயிட்டு இருந்திருக்கு. அவளுக்கு இந்த நிதானத்த எந்த ட்ரெயினிங்லயும் சொல்லிக் கொடுக்கல. கொடுத்தது குளுக்கோமீட்டர் எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும்தான். இத அந்தக்கா கிட்ட சொன்னா நிம்மதியாவாங்களா, இன்னும் பயப்படுவாங்களான்னு தெரியாம நான் இதுவரைக்கும் சொல்லல.

பெரிய பொண்ணு கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அந்தக்கா மாமியார மூட்டு வலின்னு கூட்டிட்டு வந்தாங்க. அக்கா கொஞ்சம் இளைச்சிருந்தாங்க. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, சுகர் ஏறினாலும் இளைப்பாங்கல்ல. கூட்டம் கலைஞ்ச பிறகு உள்ள ட்ரெஸ்ஸிங் ரூம்ல உக்கார வச்சு, சாப்பிடாமத்தான் வந்தேன்னாங்க, குத்திப் பார்த்தேன். 118.

மன்னார்குடில மெடிக்கல்ல வாங்கிப் போட்டிருக்காங்க. எம்ஓ எழுதின சீட்ட பழைய புடவைக்குள்ள வச்சிருந்து, மாசா மாசம் சந்தைக்குப் போறேன்னு பஸ் ஏறிப் போய், கைக்காசு இருநூத்தம்பதுக்கு மேல கொடுத்து. சாயங்காலம் கொல்லைல நடக்குறாங்க. ராத்திரி சோத்த நிறுத்திட்டாங்க. கல்யாண வேலைல இளைச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறாங்க. "நீங்க முடியாதுன்னு சொன்னப்ப கோவம் வந்துச்சு சிஸ்டர், அந்தக் கோவத்துலதான் ஒழுங்கா போட்டேன்"னு சொல்லிட்டு, மறுபடியும் அந்தப் பழைய சிரிப்பு.

இதுல நான் என்ன எடுத்துக்கிறது? எங்க லிஸ்ட்ல பச்சைல இருக்கிறவங்க, மாசாமாசம் வாசல்ல கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்குறவங்க, அதுல பாதிப் பேர் டப்பாவுல சேர்த்து வச்சிருப்பாங்க, நான் வீட்டுக்கே போய் பார்த்திருக்கேன். 2020ல தமிழ்நாட்டுல எடுத்த ஸ்டெப்ஸ்ங்கிற தொத்தாத நோய் சர்வேல சுகர் இருக்கிற நூத்துக்கு சுமார் 11 பேருக்குத்தான் கட்டுக்குள்ள இருந்துச்சு, பிபிக்கு ஏழு பேருக்குத்தான். அந்த ஓட்டைய அடைக்கத்தான் வீட்டு வாசல் வரைக்கும் போறதே, அது எத்தனையோ படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு உயிர் மாதிரி, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா மருந்து வாங்காதவங்கன்னு சிவப்புல இருந்த இந்தக்காவுக்கு 118. அப்ப நான் அன்னிக்கு முடியாதுன்னு சொன்னது சரியா? இல்ல, அவங்க கைல பணம் இருந்ததால தப்பிச்சாங்க, அது என் சமத்து இல்ல. இருநூத்தம்பது ரூபா இல்லாத ஒரு அக்கா இதே வார்த்தையச் சொல்லிட்டுப் போயிருந்தா நான் இப்ப இப்படி உக்காந்து எழுதிட்டு இருக்க மாட்டேன்.

இன்னொண்ணு, மெடிக்கல்ல மாத்திரை மட்டும்தான் கிடைக்கும். கால மடில வச்சு விரல் இடுக்கெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணுக்குள்ள பார்க்கணும், யூரின்ல புரதம் போகுதான்னு பார்க்கணும், அத யாரும் சொல்லவும் மாட்டாங்க. அன்னிக்கே கால் பார்த்துட்டேன், பரவால்ல, குதிகால்ல வெடிப்பு மட்டும். மத்ததுக்கு வரச் சொன்னேன். கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே, இனிமே வீட்டுக்கே அனுப்பட்டுமாக்கான்னு கேட்டேன்.

"சின்னவ இருக்காளே சிஸ்டர், இப்பத்தான் பத்தாவது."

கணக்குப் போட்டுப் பார்த்தா, நான் இந்த பிஹெச்சியில அவ்ளோ வருஷம் இருப்பேனான்னே தெரியல, கான்ட்ராக்ட் வேலை. உருப்படியா நான் செஞ்சது இவ்ளோதான், ஆப்ல அவங்க பேருக்கு எதிர்ல பிரைவேட்ல பார்க்கிறாங்கன்னு ஏத்திவிட்டேன், பொய்யும் இல்ல. கண்ணு, கிட்னி டெஸ்ட்டுக்கு புதன்கிழமை வர்றேன்னாங்க. புதன் தடுப்பூசி நாளாச்சே, கூட்டமா இருக்குமே, வேற நாள் வாங்கக்கான்னா, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஊசி இருக்காம், அதத் தூக்கிட்டு வந்தா எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்களாம். குழந்தைக்கு காய்ச்சல் மாத்திரை கொடுத்து உக்கார வைக்கிற அரை மணி நேரத்துல பின்பக்க ரூம்ல இவங்களுக்கு சாம்பிள் எடுத்துடலாம்னு லேப் டெக்னீஷியன் கிட்டயும் பேசி வச்சிருக்கேன். போன புதன் வரல. குழந்தைக்கு சளின்னு ஊசிய தள்ளி வச்சுட்டாங்களாம்.