சித்தப்பாவின் மாஸி 1035: எதை மாற்றலாம், எதை விடலாம்

கணியம்பாடியில் எங்கள் கிணற்றடியில் நிற்கும் சித்தப்பாவின் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டருக்கு பவர் ஸ்டீரிங் போடு, பாட்டுப் பெட்டி வை என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

அந்த வண்டியின் உயிரே பின்னால் இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்தான். பொறியாளர் ஹாரி பெர்குசன் கொண்டுவந்த ஏற்பாடு. கலப்பையின் கொழு கெட்டி மண்ணில் மாட்டியதும், கலப்பையை வண்டியோடு மேலே இணைக்கும் தண்டு, அதாவது மேல் லிங்க், முன்பக்கம் தள்ளும். அது மாட்டியிருக்கும் தடித்த ஸ்பிரிங் அமுங்கும். லிஃப்ட் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். பாரம் குறைந்ததும் தானாக இறங்கும். வேர்க்கடலைக்கு உழும்போது திரும்பிப் பார்த்தால் லிஃப்ட் கைகள் மெல்ல ஏறி இறங்குவது தெரியும். இதில் போய் எப்படிக் கை வைப்பது? தேய்ந்த சீல், பின் மட்டும் புதிதாகப் போட்டேன்.

விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ விஷயம் வேறு. ராத்திரியில் அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது, வண்டி மெதுவானால் விளக்கு மங்கிவிடும். அது ஆபத்து. "அண்ணே, ஆல்டர்னேட்டர் போட்டுடுங்க, எதையும் வெட்ட வேணாம்" என்றார் காட்பாடி எலக்ட்ரீஷியன். வண்டி மெதுவானாலும் அது போதிய மின்சாரம் தரும். சரி என்றேன். வெட்டாமல், வெல்டிங் வைக்காமல் செய்ததை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பழைய டைனமோ கோணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் பெயிண்ட். சிவப்பு பானட், சாம்பல் நிற எஞ்சின். அதில் பேச்சுக்கே இடமில்லை. பட்டி வேலை முடிந்ததும் படம் போடுகிறேன்.