பத்துப் பெட்டைக்கு வீட்டுத் தீனி: கரையான் பானை, அசோலாத் தொட்டி, கைக்கலவை

கோழிக் கணக்கு: பெட்டை 10, சேவல் 1, பத்து நாள் குஞ்சு 14. பகலில் புறக்கடையில் மேய்ச்சல், இரவில் கூண்டு. தை முதல் வாரத்தில் தொடங்கி சித்திரை வரை பார்த்தது.

தை, முதல் வாரம். முதலில் கரையான் பானை, ஏனென்றால் குஞ்சுக்குத்தான் அவசரம். குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு 20 பங்காவது புரதம் வேண்டும். நொய்யிலும் கம்பிலும் அதில் பாதிதான் இருக்கும். வாயகன்ற பழைய மண்பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, நன்றாகக் காய்ந்த வரட்டி, இற்றுப்போன தென்னை மட்டை, வைக்கோல் ஆகியவற்றை முக்கால் பானைக்கு அடுக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. சாயங்காலம் கரையான் ஓடும் தடத்தில் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்து, தலைமேல் ஒரு கல். மறுநாள் காலையில் நிமிர்த்திக் குஞ்சுகளுக்கு முன்னால் உதறினால் போதும். பத்துப் பதினைந்து குஞ்சுக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

முதல் பானையில் ஒன்றும் ஏறவில்லை. காரணம் பச்சைச் சாணி. அது உள்ளே புளித்துச் சூடாகும், ஈ முட்டையிடும், கரையான் அண்டாது. இரண்டாவது பானையில் கரையான் வந்தும் விடிவதற்குள் எறும்பு தூக்கிப் போய்விட்டது. எறும்புச் சாரி இல்லாத இடமாகப் பார்த்து வைத்து, வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும் மாதத்தில் ஓரிரவு போதும். பங்குனியில் சுற்றுமண்ணையும் நனைத்து இரண்டு இரவு விட வேண்டியிருந்தது. வீட்டு மரச்சாமான், வைக்கோல் போர் பக்கத்தில் பானை வேண்டாம். கரையான் மருந்து ஊற்றிய வீட்டு அடித்தளத்துக்கும் தோப்புக்கும் அருகே கட்டாயம் வேண்டாம். அந்த மருந்து கரையான் வழியாக நேரே குஞ்சுக்குப் போகும்.

தை, மூன்றாம் வாரம். அசோலாத் தொட்டி. அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. தொட்டி 6 அடிக்கு 6 அடி, செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி வரப்பு, அதன்மேல் சில்பாலின் என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட். சலித்த மண் 12 கிலோ பரப்பி, 2 கிலோ சாணியும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். விதை அசோலா ஒரு கிலோ. மேலே நிழல்வலை. யூரியா தேவையில்லை, இலைக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும். மணிச்சத்தைத்தான் (பாஸ்பரஸ்) நாம் கொடுக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணியும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றினால் நிற்காமல் வளரும்.

பன்னிரண்டாம் நாள் அசோலா தொட்டி முழுக்கப் படர்ந்து மூடியது. அதன்பின் தினமும் அரை கிலோ அள்ளலாம். அள்ளாமல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் அழுகும். சாணி வாடை இருந்தால் கோழி மூக்கை நுழைக்காது. அகலக் கண் சல்லடையில் போட்டு, பாதி வாளித் தண்ணீருக்குமேல் பிடித்துக் கழுவுவது நல்லது. கீழே விழும் சிறு இலைகளை வாளித் தண்ணீரோடு தொட்டியிலேயே ஊற்றிவிடலாம். முதல் மூன்று நாள் ஒரு பெட்டையும் தொடவில்லை. ஈர நொய்யில் பிசைந்து வைத்ததும் ஒரு வாரத்தில் பழகிவிட்டன.

அசோலாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய்ந்த எடையில் கால் பங்கு புரதம் என்பது உண்மை. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அரை கிலோ அசோலாவில் காய்ந்த சரக்கு 30 கிராம், அதில் புரதம் ஏழெட்டு கிராம். ஏறக்குறைய 18 கிராம் கடலைப் பிண்ணாக்கில் இருப்பது அவ்வளவுதான். இதை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்துகிற இடங்களில்தான் முட்டை குறைகிறது, பழி கோழியின்மேல் விழுகிறது. கோழிக்கு அசோலா ஒரு கீரை மாதிரிதான். மஞ்சள் கரு நல்ல நிறமேறும், தாதுச்சத்தும் கிடைக்கும். பெட்டை ஒன்றுக்கு 40, 50 கிராம் போதும். முருங்கை இலையும் அகத்தியும் இதே வேலையைச் செய்யும். சூபாபுல் மர இலை மட்டும் வேண்டாம், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு கோழிக்கு ஆகாது.

எனவே பெட்டைகளுக்கு அடிப்படை கைக்கலவைதான். 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு அல்லது நொய் ஒன்றரை, அரிசித் தவிடு ஒன்றரை, கடலைப் பிண்ணாக்கு 1.7, கருவாட்டுத் தூள் 800 கிராம், கிளிஞ்சல் தூள் 300 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் 17, 18 பங்கு வரும். மேய்ச்சல் இருந்தால் பெட்டைக்கு 50 கிராம், காலையில் பாதி, அடையுமுன் பாதி. முட்டையிடும் பெட்டைக்கு இதிலுள்ள சுண்ணாம்பு போதாது. தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் குருணையை வைத்துவிட்டால் வேண்டியது வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். கலவையிலேயே கூட்டினால் சேவலும் விடலைகளும் சேர்த்துத் தின்று சிறுநீரகம் கெடும்.

கலவையில் தவறு நேர்ந்தது இரண்டு இடத்தில். உப்புக் கருவாடு சேர்த்ததும் தண்ணீர்க் குடி இரட்டிப்பானது, எச்சம் நீர்த்துப்போனது. நோய்க் கழிச்சல் என்று மருந்து தேடுமுன் கருவாட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. உப்பில்லாமல் காய்ந்த நெத்திலிக் கழிவுக்கு மாற்றியதும் இரண்டே நாளில் சரி. அடுத்தது பிண்ணாக்கு. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் அதிகம் நிற்கும், மூன்று வாரத்தில் சிக்கு வாடை வரும். ஈரம் பட்டால் பூஞ்சணம், அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் வெயிலில் போட்டாலும் அது போகாது. பூத்த கட்டியைச் சுரண்டிவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் கூடவே கூடாது. அளவாக வாங்கி, தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் போதும்.

மீன் கழிவை அழுகவிட்டுப் புழு பிடிக்கும் முறையை இங்கே சேர்க்கவில்லை. செத்த இறைச்சியில் வளரும் புழுவின் உடம்பில் போட்டுலிசம் நஞ்சு தங்கும். அதைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் தொங்கி, கால் விழுந்து, பெரும்பாலும் சாவுதான்.

சித்திரை, இரண்டாம் வாரம். வெயிலில் அசோலா செங்கல் நிறமாகி, தினம் 200 கிராமுக்கு இறங்கியது. இலை சிவந்து வேரும் நீண்டு தொங்கினால் மணிச்சத்துக் குறை. வேர் சரியாக இருந்து இலை மட்டும் சிவந்தால் சூடு. இங்கே இரண்டாவது. இரண்டாம் நிழல்வலை போட்டு, கால் பங்கு தண்ணீரை வடித்து ஊருணித் தண்ணீர் விட்டதில் பத்து நாளில் 400 கிராமுக்கு வந்தது. வடித்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று. அடிமண்ணில் 5 கிலோவை மாற்றும் வேலை இந்த வாரம் பாக்கி.