இரண்டு சொல் சேர்த்தேன், அவ்வளவுதான்

“சார், நான் அதைக் கேக்கவே இல்லையே.”

அலுவலகத்தில் என் பிரிவில் வேலை பார்க்கும் இளையவர் ஒருவர் சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: “இலக்கணப்படி அதுதான் சரி.”

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் முதலில் எழுதியிருந்த வரி, ‘ஐ ப்ரிஃபர்ட் வொர்க்கிங் வித் தி ஓல்ட் டீம்’. இங்கிலீஷை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றார். பிரிவில் பலரும் என்னிடம்தான் கொடுப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆண்டின் நடுவில் அவரைப் புது டீமுக்கு மாற்றியது எனக்குத் தெரியும். ஆகவே வருத்தத்தைச் சொல்கிறார், பாவம், சொல்லத் தெரியவில்லை என்று நானாக முடிவு செய்தேன். ‘ஐ வுட் ஹாவ் ப்ரிஃபர்ட் டு வொர்க் வித் தி ஓல்ட் டீம்’ என்று மாற்றினேன்.

மேலாளர் நல்லவர். படித்துவிட்டு, ஆசைப்பட்டது கிடைக்காமல் போயிற்றே என்று அவரைப் பழைய டீமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். இவருக்கோ அதற்குள் புது டீம் பழகி, பிடித்தும் போயிருந்தது.

நான் மாற்றிய வரியில் பிழை இல்லை. விரும்பினோம், நடக்கவில்லை என்றால் ‘வுட் ஹாவ் ப்ரிஃபர்ட்’ தான் வரவேண்டும். ‘வுட் ராதர் ஹாவ்’ என்றும் எழுதலாம், அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வரும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் எழுதியதிலும் பிழை இல்லையே! இரண்டு டீமிலும் வேலை பார்த்தவர், அந்த நாளில் பழையதுதான் கூடுதலாகப் பிடித்திருந்தது என்கிறார். அதற்கு வெறும் ‘ப்ரிஃபர்ட்’ போதும். இப்போது அப்படி இல்லை என்பதையும் காட்ட வேண்டுமானால் ‘யூஸ்ட் டு ப்ரிஃபர்’ என்று மாற்றியிருக்கலாம். சரியாக இருந்த வரியை இன்னொரு சரியான வரியாக மாற்றியிருக்கிறேன். இதற்குத் திருத்தம் என்று பெயர் வைக்கலாமா, தெரியவில்லை.

தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ‘பழைய டீமில் இருக்கத்தான் விரும்பினேன்’ என்று சொன்னால் இருந்தாரா, இல்லையா? இரண்டுக்கும் அந்த வாக்கியம் இடம் கொடுக்கிறது. மீதியைப் பேச்சும் முகமும் பார்த்துக்கொள்ளும். அவருடைய வரியைத் தமிழில் நினைத்துப் பார்த்து, இரண்டில் ஒன்றை நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்தச் சமாதானம் ரொம்ப தூரம் போகவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சும் முகமும் அங்கேயே இருந்தன.

அவரும் படித்துப் பார்த்துவிட்டுத்தானே அனுப்பினார் என்றும் தோன்றும். “ஓகே சார், தேங்க்ஸ்” என்றாரே. அப்புறம், பதினைந்து வருடம் மூத்தவன் திருத்திக் கொடுத்த வரியை யார் மறுபடி திருத்துவார்கள் என்றும் தோன்றும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய டீமில் அவர் நன்றாகத்தான் செய்கிறார். ஒருவேளை அவர் மனதில் இருந்ததே அதுதானோ, நான் சரியாகத்தான் படித்தேனோ என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு வசதியான நினைப்பு என்பதாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

போன வாரம் அவருக்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். அலுவலகப் பழக்கம், கை இங்கிலீஷில்தான் போகிறது. ‘ஐ வுட் ஹாவ் ப்ரிஃபர்ட் டு ஆஸ்க் யூ ஃபர்ஸ்ட்’ என்று வந்தது. இலக்கணம் சுத்தம். ஆனால் படித்தால், கேட்க எனக்கு ஆசைதான், ஏதோ குறுக்கே வந்து தடுத்துவிட்டது என்பது போல இருந்தது. எதுவும் தடுக்கவில்லை. அழித்துவிட்டு ‘ஐ ஷுட் ஹாவ் ஆஸ்க்ட்’, நான் கேட்டிருக்க வேண்டும், என்று மாற்றினேன். அது இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.