பஸ் பிரண்டால், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் பஸ் ஒன்று பிரண்டால் ஆட்கள் அம்புலன்சில் மட்டும் வருவதில்லை. பட்டா என்கிற சின்ன லொறியில், ஓட்டோவில், பின்னால் வந்த யாரோ ஒருவரின் வேனில் எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். உதவிக்கு ஓடிவருவதில் எங்கள் சனத்தைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் காயப்பட்டவரை வாசலில் இறக்கிவிட்டு, அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறார்கள். மயங்கிக் கிடக்கிற மனிதரிடம் நான் எதைக் கேட்பது?

பக்கத்து சீற்றில் இருந்து வந்த உங்களுக்குத் தெரிந்தது டொக்டருக்குத் தெரியாது. அவர் கண்ணாடிக்குள்ளால் வெளியே எறியப்பட்டாரா, முன் சீற்றுக் கம்பியில் வயிறு அடிபட்டதா, விழுந்தவுடன் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தாரா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். முதலில் மயங்கி, பிறகு எழும்பி நன்றாகக் கதைத்து, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லி, அப்புறம் மெல்ல மெல்லத் தூங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். களைப்பில் தூங்குகிறார் என்று பார்த்திருப்பவர்கள் நினைப்பார்கள். மண்டைக்குள் ரத்தம் தேங்குகிறபோது அப்படித்தான் நடக்கும். "ஐயா முதல் மயங்கினவர், பிறகு கதைச்சவர், வாந்தியும் எடுத்தவர்" என்று யாராவது சொன்னால், ஸ்கான் எடுக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் உடனே முடிவெடுக்கலாம்.

வயதானவர்கள் என்றால் அவர்களுடைய கைப்பையையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். அதற்குள் என்ன வருத்தம், என்ன குளிசை என்று எழுதின கிளினிக் கொப்பி இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிற ஒரு அம்மாவுக்கு நெற்றியில் சின்னக் காயம் என்றாலும் நாங்கள் வேறு மாதிரித்தான் பார்ப்போம். அந்தக் கொப்பி பஸ்சுக்குள் கிடந்துவிட்டால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

விபத்து நடந்த இடத்தில் முதல் வேலை, முடிந்தால் எஞ்சினை நிறுத்துவது. பிறகு நடக்கக்கூடியவர்கள் றோட்டை விட்டு விலக வேண்டும். ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் எப்படி இருட்டு என்று போய்வருகிறவர்களுக்குத் தெரியும். பஸ்சைச் சுற்றி நடு றோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு லொறி வந்தால் இன்னொரு விபத்து. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நன்றாகத் தள்ளிப் போய், கரையில் நின்றபடி போனில் ரோர்ச் அடித்து வாகனங்களை மெதுவாக்கட்டும். அதற்காகக் காட்டுக்குள் தூரமாகவும் போக வேண்டாம், பாம்பு இருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கவே கூடாது.

உடனே 1990க்கு எடுங்கள். வடக்குக்கு இந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வந்தது, காசு இல்லை. ஆனால் "மாங்குளம் தாண்டி" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே தேடுவது? பக்கத்தில் கிலோமீற்றர் கல் இருந்தால் அதில் உள்ள இலக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிற பக்கம், எத்தனை பேர் எழும்ப முடியாமல் கிடக்கிறார்கள், யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா என்பதும் வேண்டும்.

கையையும் காலையும் பிடித்து இழுத்து ஜன்னலால் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். நெருப்போ புகையோ இருந்தால் வேறு கதை, அப்போது எப்படியாவது இழுத்து வெளியே எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி கழுத்து, முதுகு நோகிறது என்று சொல்கிறவரை அசைக்காமல் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தாலே பெரிய உதவி. ரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அமர்த்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்காதீர்கள். கோப்பித்தூள் போட வேண்டாம். போட்டுவிட்டால் அதைக் கழுவி எடுக்கிறபோது அவர் படுகிற வேதனை எங்களுக்குத்தான் தெரியும். தண்ணியும் சோடாவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை வேண்டி வரலாம். ஷெல்லடிக்குள் சாறத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய சனம் வன்னிச் சனம், இதெல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை. பதற்றத்தில் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

காயப்பட்டவரின் முகத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவதைப் பற்றி எனக்குக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மகளுக்கு நாங்கள் போன் எடுக்க முதல் அந்தப் படம் போய்ச் சேர்ந்து, அவள் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்க வேண்டுமென்றால் பஸ்சின் இலக்கத் தகட்டை எடுங்கள், பஸ் கிடக்கிற நிலையை எடுங்கள். பிறகு நட்டஈடு கேட்கிறபோது உதவும். டிக்கெட்டையும் எறிய வேண்டாம், அந்த பஸ்சில்தான் வந்தீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்புறம், நடந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். ஒரு அக்கா அப்படித்தான் வேறு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், சமைத்தும் போட்டிருக்கிறா. இரவு இடது தோள் நோகுது, தலை சுத்துது என்று கொண்டு வந்தார்கள். தோளில் ஒரு கீறல் கூட இல்லை, அடிபட்டது வயிற்றுக்குள் இடப்பக்கம் இருக்கிற மண்ணீரல். அதிலிருந்து ரத்தம் கசிந்தால் தோளிலும் நோகும். நல்ல வேளை நேரத்துக்கு வந்தா. வயிறு கல்லு மாதிரி இறுகினால், சிறுநீர் சிவப்பாகப் போனால், மூச்செடுக்க நெஞ்சு குத்தினால், தலையிடி கூடிக்கொண்டே போனால் விடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கர்ப்பிணிகள் ஒன்றும் இல்லாவிட்டாலும் வரத்தான் வேண்டும். வந்தவுடன் "பஸ் விபத்து" என்று சொல்லுங்கள், சும்மா விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரித் துண்டில் அப்படி எழுதினால்தான் பொலிஸ் பதிவும் சட்ட வைத்திய அறிக்கையும் சரியாக வரும், இல்லாவிட்டால் பிறகு காப்புறுதிக்காரர் முன்னால் அது விபத்துக் காயம் என்று காட்டுவதற்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.