ரிவ்யூவர் கைக்குப் போகும் முன்பே திரும்பி வரும் கட்டுரைகள்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டால் உடனே மனம் உடைந்துபோகத் தேவையில்லை. கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். பல சமயம் எடிட்டரோ, கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநரான ரிவ்யூவரோ அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கோப்புகள் விதிப்படி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் அலுவலர் ஒருவர் 'திருத்தி அனுப்புங்கள்' என்று திருப்பியிருப்பார். இந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்கு அறிவியல் தேவையில்லை, பொறுமை போதும்.

உதாரணத்துக்கு பிளாஸ் ஒன். 2006 முதல் வரும் இணைய இதழ். கண்டுபிடிப்பு எவ்வளவு பரபரப்பானது என்று அது பார்ப்பதில்லை. ஆய்வு முறையாகச் செய்யப்பட்டதா என்றே பார்க்கும். ஆனால் கோப்பு விஷயத்தில் கறார், கீழே வரும் அளவுகள் அதன் விதிகள்தான். கட்டணம் வாங்கும் இதழ் என்பதால், பணத்தை யார் கட்டப்போகிறார் என்பதைக் கைடிடம் இப்போதே பேசிவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் சங்கடம்.

எழுதும் வரிசையில் படங்களும் அட்டவணைகளும் முதலில் வரட்டும். அவை உறுதியானபின் செய்முறை, முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கம் கடைசியில்தான், 300 சொல்லைத் தாண்டக் கூடாது. தலைப்புக்கு 250 எழுத்து வரம்பு, குறுந்தலைப்புக்கு 100. உரை முழுதும் இரட்டை வரி இடைவெளி, பக்க எண், வரி எண். வேர்டில் வரி எண் போடும்போது 'கன்டினியூவஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்கினால் '212ஆம் வரியைப் பாருங்கள்' என்று ரிவ்யூவரால் சொல்ல முடியாது.

அதிகம் அடிபடுவது படங்களில்தான். படங்களை உரைக்குள் ஒட்டக் கூடாது, ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகப் போக வேண்டும். படக்குறிப்பு மட்டும், அந்தப் படம் முதலில் குறிப்பிடப்படும் பத்திக்கு அடுத்து உரைக்குள் இருக்கும். அட்டவணைகள் இதற்கு நேர்மாறு: வேர்ட் அட்டவணையாகவே உரைக்குள் இருக்க வேண்டும், படமாக ஒட்டினால் திரும்பி வரும். படங்களின் கோப்பு வகை டிஃப் அல்லது இபிஎஸ். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அகலம் 789 முதல் 2250 பிக்சல், உயரம் 2625 பிக்சலுக்குள், அளவு 10 எம்பிக்குக் கீழே. டிஃப்பை எல்இசட்டபிள்யூ முறையில் சுருக்கினால் தரம் குறையாமல் அளவு இறங்கும்.

டிபிஐ எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்ற முடியாது. 800 பிக்சல் அகலமுள்ள ஸ்கிரீன்ஷாட்டில் '300' என்று எழுதிவிட்டால் தாளில் அது சுமார் 6.8 செ.மீ. அகலப் படம், அவ்வளவுதான். அதை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கை ஏறும், விவரம் ஏறாது, எழுத்துகள் மங்கும். பவர்பாயிண்டிலிருந்து படமாகச் சேமித்தால் வழக்கமாக 96 டிபிஐதான் கிடைக்கும். வேர்டில் ஒட்டிய படத்தை வேர்ட் தானாகவே சுருக்கியும் வைக்கும். அதனால் வரைபடம் பிறந்த இடத்திலிருந்தே நேராக ஏற்றுமதி செய்யுங்கள். ஆர் நிரல்மொழி என்றால் ஜிஜிசேவ் கட்டளை, பைத்தான் என்றால் சேவ்ஃபிக். அகலம் 7.5 அங்குலம் (பைத்தானில் இதைப் படத்தைத் தொடங்கும்போதே ஃபிக்சைஸில் கொடுக்க வேண்டும்), 300 டிபிஐ என்று கொடுத்தால் சரியாக 2250 பிக்சல் வரும். உள்ளே எழுத்து ஏரியலில் 8 முதல் 12 பாயிண்ட். முதலில் பெரிதாக வரைந்துவிட்டுப் பிறகு பாதியாகக் குறைத்தால் 10 பாயிண்ட் எழுத்து 5 ஆகிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அடுத்து பெயர். நம் ஊர் இனிஷியல் முறைக்கு இந்தப் படிவங்கள் ஒத்துவராது. எஸ். கயல்விழி என்று ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். லாஸ்ட் நேம் கட்டத்தில் 'எஸ்' என்று போட்டால், லாஸ்ட் நேமை முழுதாகவும் மற்றதை முதலெழுத்தாகவும் எழுதும் வான்கூவர் முறையில் மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது 'எஸ் கே' என்று அச்சாகும். அது யார் என்று தேடிப் பிடிக்கவே முடியாது. கயல்விழியை லாஸ்ட் நேமிலும் இனிஷியலை, அல்லது அதன் விரிவை, ஃபர்ஸ்ட் நேமிலும் போடுவதே நல்லது. எதை முடிவு செய்தாலும் எல்லாக் கட்டுரையிலும் அதுவே இருக்கட்டும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணின் பதிவிலும் அப்படியே. இதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் கரஸ்பாண்டிங் ஆதருக்கு அந்த எண் கட்டாயம்.

ஒவ்வொரு ஆசிரியரும் என்ன செய்தார் என்பதை, ஆசிரியர் பங்களிப்புகளை வகைப்படுத்தும் கிரெடிட் பட்டியலின் 14 பங்களிப்புகளிலிருந்து குறிக்க வேண்டும். நிதி வாங்கித் தந்தார், பொதுவாக மேற்பார்வை பார்த்தார் என்பது மட்டும் ஆசிரியராவதற்குப் போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ சொல்கிறது. துறைத்தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்க்கும் பழக்கம் இங்கேதான் முட்டிக்கொள்ளும்.

'தரவு கேட்டால் தருவோம்' என்று எழுதினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஜெனோடோ, டிரையட் போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போட்டு, அது தரும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுங்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வு என்றால் எதிக்ஸ் கமிட்டியின் முழுப்பெயர், ஒப்புதல் எண், சம்மதம் பெற்ற விதம் மூன்றும் செய்முறைப் பகுதியில் இருக்க வேண்டும். இந்தியாவில் மனிதர்களிடம் சிகிச்சையைச் சோதித்த மருத்துவப் பரிசோதனை (கிளினிக்கல் டிரையல்) என்றால், அதற்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு தேவை. பரிசோதனையில் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்பது 2018 ஏப்ரலிலிருந்து விதி, பின்னால் ஒட்டவைக்க வழியில்லை.

பிஎச்.டி. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியிருந்தால், வேறு எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் உங்கள் வாக்கியங்களே உங்களுக்கு எதிராக நிற்கும். கட்டுரை அந்த ஆய்வேட்டிலிருந்து வந்தது என்று கவர் லெட்டரில் ஒரு வரி சொல்லிவிட்டால் தீர்ந்தது. மற்றபடி அந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எடிட்டரைப் புகழ வேண்டாம்.

படிவத்தை நிரப்ப உட்காரும் முன் கோ-ஆதர்களின் மின்னஞ்சல், நிறுவனப் பெயர், நிதி ஒப்புதல் எண், நலமுரண் அறிவிப்பு எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். நிதி விவரம் படிவத்தில்தான் போகும், நன்றியுரையில் அல்ல. எல்லாம் ஏற்றியபின், கட்டுரை அனுப்பும் இணையத் தளமான எடிட்டோரியல் மேனேஜர் ஒரு பிடிஎஃப் தயாரிக்கும். அதைத் திறந்து படங்கள் வரிசையாக வந்துள்ளனவா, குறியீடுகள் கட்டமாக மாறியுள்ளனவா என்று கடைசிப் பக்கம் வரை பாருங்கள். பிறகு 'அப்ரூவ்' அழுத்த வேண்டும். அழுத்தாமல் சாளரத்தை மூடினால் கட்டுரை உங்கள் கணக்கிலேயே 'ஆசிரியர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற பெட்டியில் கிடக்கும், இதழுக்குப் போயிருக்காது. வாரக்கணக்கில் பதில் இல்லையே என்று எடிட்டருக்கு எழுதும் முன் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.